நின்ற இடத்தில் ஓடும் டிராக்டர் எஞ்சின் கொதிக்காமல் காக்கும் முறை

தை, மாசி மாதங்களில் மானாவாரிப் பிரதேசங்களிலே மக்காச்சோளம் அறுவடையாகிக் களத்தில் குவிந்திருக்கும் சமயம், டிராக்டரின் வேலை வயலிலிருந்து களத்துக்கு மாறுகிறது. உழவுக் காலத்தில் ஊர்ந்து சென்ற அதே யந்திரம், களத்தில் ஓரிடத்தில் நின்றபடியே, பி.டி.ஓ. என வழங்கும் பின்புறச் சுழல்தண்டின் வழியாகக் கதிரடிக்கும் யந்திரத்தை நாள் முழுவதும் ஓட்டுகிறது. உழவில் ஒரு குறையும் காட்டாத எஞ்சின், களத்தில் நின்ற ஒரு நாழிகைக்குள் கொதிக்கத் தொடங்குவது பல ஊர்களில் காணும் சங்கதி. ஆட்கள் கூலிக்கு வந்து காத்திருப்பார்கள். அடுத்த களத்துக்காரர் தம் முறை எப்போது வருமென்று கேட்டு ஆள் அனுப்புவார். வானத்தில் மப்பு கூடினால் குவியல் நனையுமே என்ற கவலை வேறு. அந்த நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால் அதனால் வரும் நஷ்டம் ரிப்பேர்ச் செலவோடு முடிவதில்லை.

அப்போது சாதாரணமாகச் செய்யப்படும் பரிகாரம் ஒன்றே. குடத்தில் ஜலம் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். சிறிது நேரம் ஓடும், மறுபடியும் கொதிக்கும், மறுபடியும் ஊற்றுவார்கள். இது நோயை விட்டு அதன் குறியை மட்டும் தணிப்பதாகும். ரேடியேட்டர் நிறைந்திருந்தும் நின்ற இடத்தில் எஞ்சின் கொதிக்குமாயின், அதற்குப் பெரும்பாலும் குறைவாயிருப்பது காற்று. இதை நன்றாக உணர்ந்து கொண்ட விவசாயி, பெரும் செலவின்றியே தம் யந்திரத்தைக் காத்துக் கொள்ளலாம்.

உஷ்ணம் உண்டாகும் விதமும் வெளியேறும் விதமும்

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாகப் பயன்படுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சிலிண்டர்களைச் சூழ்ந்துள்ள ஜலத்தில் சேர்கிறது. ஜலம் அந்த உஷ்ணத்தைச் சுமந்து ரேடியேட்டருக்குச் செல்கிறது; அங்கே மெல்லிய குழாய்களின் வழியே இறங்கும்போது, குழாய்களோடு ஒட்டிய தகட்டு மடிப்புகளின் ஊடே பாயும் காற்று உஷ்ணத்தை வாங்கிக் கொண்டு போகிறது. ஆகவே ஜலம் சுமை தூக்கும் ஆள் போன்றது. சுமையை இறக்கி வைக்குமிடம் காற்று. இறக்குமிடம் அடைபட்டால் ஆள் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

இது எவ்வளவு விரைவில் விபரீதமாகும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 35 குதிரைச் சக்தியுள்ள டிராக்டர் ஒன்று பாரமான வேலையில் இருக்கும்போது, விநாடிக்கு 20 கிலோஜூல் உஷ்ணம் ஜலத்தில் சேர்வதாக வைத்துக் கொள்வோம். ரேடியேட்டரிலும் எஞ்சினிலுமாகச் சேர்ந்து 10 லிட்டர் ஜலம் இருக்குமாயின், அதை 80 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றுவதற்கு 840 கிலோஜூல் போதும். அதாவது 42 விநாடி. எஞ்சினின் இரும்பும் ஒரு பங்கு உஷ்ணத்தை உறிஞ்சுவதால் நேரம் சற்று நீளும். எனினும், காற்று அறவே நின்றுவிட்டால், நல்ல நிலையிலுள்ள எஞ்சினும் இரண்டு மூன்று நிமிஷங்களில் கொதிநிலையை எட்டிவிடும். மேற்கொண்டு ஊற்றும் ஒரு குடம் ஜலம் இந்தக் கணக்கில் சில நிமிஷங்களையே கூட்டும்.

நிற்கும் யந்திரத்தின் சங்கடம்

ஓடும் மோட்டார் வாகனத்துக்கு எதிர்க்காற்று தானாகவே கிடைக்கிறது. நின்றுவிட்டால் அது இல்லை. விசிறி இழுக்கும் காற்றே கதி. வேகத்துக்கென்றே செய்யப்பட்ட பழைய பந்தய மாதிரிக் கார்களிடம் இக்குறை மிகத் தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனியார் 1961-ஆம் ஆண்டில் ஜெனீவா கண்காட்சியில் வெளியிட்ட இ-டைப் என்னும் கார், சாலையில் பறந்து செல்லும்போது சமாளித்துக் கொள்ளும். நகரத்து நெரிசலில் நின்று நின்று போகும்போதோ அதன் உஷ்ணமானி முள் ஏறிவிடும் என்பது அக்காரை வைத்திருப்போர் அறிந்த விஷயம். காற்றைக் கிழித்துச் செல்வதற்காக அதன் முகம் தாழ்வாகவும் வாய் குறுகலாகவும் அமைக்கப்பட்டிருந்தன. 1968-இல் வெளிவந்த அடுத்த அமைப்பில் வாய் அகலமாக்கப்பட்டு, மின்சார விசிறிகள் இரண்டு பொருத்தப்பட்டன. அதாவது, அந்தக் கம்பெனியாரும் காற்றின் வழியையே பெரிதாக்கினர்.

டிராக்டருக்கு உழவின்போதும் எதிர்க்காற்று மிகச் சொற்பமே. மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் என்ன காற்று வரும்? ஆகையால்தான் அதற்குப் பெரிய விசிறியும் அகலமான ரேடியேட்டரும் வைத்திருக்கிறார்கள். ஆயினும் வயலில் அது இடம் பெயர்ந்து கொண்டேயிருப்பதால், தான் கக்கிய வெப்பக் காற்றைத் தானே திரும்ப இழுப்பதில்லை. அங்கே சண்டும் அதிகம் பறப்பதில்லை. களத்திலோ இரண்டும் நேருகின்றன. கதிரடிக்கும் யந்திரம் ஊதித் தள்ளும் சண்டும் தூசியும் ரேடியேட்டரின் முகத்தில் படிந்து காற்றின் வழியை அடைக்கின்றன. எஞ்சினிலிருந்து வெளியேறிய வெப்பக் காற்று, சுவரோ வைக்கோற்போரோ அருகிலிருந்தால் அதில் மோதித் திரும்பி, மறுபடியும் ரேடியேட்டருக்கே வருகிறது. வேலைப் பாரம் குறைவதில்லை. காற்று மட்டும் குறைகிறது.

குறை காற்றிலா, ஜலத்திலா?

மருந்து கொடுக்குமுன் நோயை அறிய வேண்டும். இதற்கு மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, எஞ்சின் எங்கே கொதிக்கிறது என்று பார்ப்பது. சாலையில் பாரம் ஏற்றிய டிரெய்லரை நன்றாக இழுத்துச் சென்று, களத்தில் நின்றதும் கொதிக்குமாயின் குறை காற்றின் பக்கத்தில் என்று கொள்ளலாம். சாலை, வயல், களம் என்ற வித்தியாசமின்றிப் பாரம் ஏறிய இடமெல்லாம் கொதிக்குமாயின் ஜலத்தின் ஓட்டத்தையோ எஞ்சினின் உட்புறத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, குழாய்களின் சூட்டை ஒப்பிடுவது. ரேடியேட்டரின் மேற்குழாய் எஞ்சினிலிருந்து சூடான ஜலத்தைக் கொண்டுவருகிறது. கீழ்க்குழாய் ஆறிய ஜலத்தை எஞ்சினுக்கு அனுப்புகிறது. உஷ்ணமானி முள் ஏறிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, விசிறி முற்றிலும் நின்ற பிறகு, இவ்விரண்டின் சூட்டையும் பார்க்க வேண்டும். தொடாமலே உஷ்ணம் அறியும் கைக்கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. அது இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு குழாய்களும் ஏறக்குறைய ஒரே சூடாயிருந்தால், ஜலம் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை. ஆகவே காற்றில் குறை. மேற்குழாய் கொதித்துக் கீழ்க்குழாய் மிகக் குளிர்ந்திருந்தால், ஜலம் ஓடவில்லை. ரேடியேட்டர்க் குழாய்கள் அடைபட்டிருக்கலாம், தெர்மாஸ்டாட் திறவாதிருக்கலாம், அல்லது ஜலப் பம்பு பழுதாயிருக்கலாம்.

மூன்றாவது, காலையில் எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பது. ஜலத்தில் விடாமல் குமிழிகள் எழும்பினால் ஹெட் காஸ்கட் பழுதாகி எரிவாயு ஜலத்தில் கலக்கிறது என்று அறிய வேண்டும். எஞ்சின் ஆயில் மோர் போல் வெளுத்திருப்பதும் ஜலம் ஆயிலில் இறங்கியிருப்பதற்கு அடையாளம். இவ்விரண்டில் எது கண்டாலும் மேற்கொண்டு வேலை வாங்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

காற்றின் வழியைச் செம்மைப்படுத்தல்

ரேடியேட்டரின் முகம்: டிராக்டர் விசிறி, சாதாரணமாக முன்புறத்திலிருந்து காற்றை இழுத்து எஞ்சினை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே சண்டு முன்முகத்தில் வந்து ஒட்டிக் கொள்ளும். முன்னே கம்பி வலை இருக்குமாயின் களத்து வேலையில் மணிக்கு ஒரு முறையாவது அதைத் துடைக்க வேண்டும். தூசி மிகுந்த பயிராயின் அதைவிட அடிக்கடி. வலையைத் தாண்டி உள்ளே சென்ற சண்டு தகட்டு மடிப்புகளில் சிக்கியிருக்கும். அதை முன்னிருந்து ஊதினால் இன்னும் உள்ளே போகும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்புறமாகவே காற்றையோ, மெல்லிய ஜல ஓட்டத்தையோ செலுத்த வேண்டும். வாகனம் கழுவும் அதிவேக ஜலத்தைப் பக்கத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அவையே காற்றை அடைத்துவிடும். மடங்கியவற்றை நிதானமாக நிமிர்த்தலாம். ஆயில் கசிந்து தூசியோடு சேர்ந்து களிம்பாகியிருந்தால், சோப்பு ஜலம் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டுப் பின் அலச வேண்டும். கசியும் இடத்தையும் அடைக்க வேண்டும், இல்லாவிடில் அடுத்த வாரமே களிம்பு மறுபடியும் ஏறும். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் ஆற்றும் பெட்டி முதலியன உள்ள மாதிரிகளில், இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தில் சண்டு பஞ்சுபோல் அடைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விளக்கைப் பின்னால் பிடித்து முன்னிருந்து நோக்கினால் வெளிச்சம் புகாத இடமெல்லாம் அடைபட்ட இடமென்று கண்டுகொள்ளலாம்.

விசிறி பெல்ட்: பெல்ட் தளர்ந்தால் விசிறி வழுக்கிச் சுழலும். பல மாதிரிகளில் ஜலப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் காற்று, ஜலம் இரண்டும் ஒருங்கே குறையும். எஞ்சின் நின்ற நிலையில், இரண்டு கப்பிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமிழ வேண்டும். துல்லியமான அளவு அந்தந்த யந்திரத்தின் கைப்புத்தகத்தில் இருக்கும். அதிகம் அமிழ்ந்தால் இறுக்க வேண்டும். வீணைக் கம்பிபோல் விறைத்திருந்தாலும் கெடுதியே. பம்பின் பேரிங் சீக்கிரம் தேயும். பெல்ட்டின் பக்கங்கள் பளபளத்து வெடிப்பு விட்டிருந்தால் அதை இறுக்கிப் பயனில்லை; மாற்றிவிட வேண்டும்.

விசிறியும் கூண்டும்: விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூண்டு வெறும் பாதுகாப்புக்கானதென்று எண்ணி, ரிப்பேரின்போது கழற்றிய பின் பலர் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இது பெரும் பிழை. கூண்டு இல்லாவிடில் விசிறி, ரேடியேட்டரின் வழியே காற்றை இழுப்பதற்குப் பதிலாக, இறக்கைகளின் ஓரங்களில் சுற்றும் காற்றையே இழுத்துக் கொண்டிருக்கும். ரேடியேட்டரின் மூலைகளில் காற்றே பாயாது. இறக்கையின் நுனிக்கும் கூண்டுக்கும் இடையிலுள்ள சந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று. விசிறியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தாலும் சுழல்வது போலவே தோன்றும். காற்று மாத்திரம் வெகுவாகக் குறைந்துவிடும். புதிதாக விசிறி மாட்டிய பின் கொதிப்பு ஆரம்பித்திருந்தால் இதை முதலில் சோதிக்க வேண்டும்.

நிறுத்துமிடம்: இதற்கு ஒரு காசும் செலவில்லை, பயனோ பெரிது. டிராக்டரின் முகம் காற்று வரும் திசையை நோக்கியும், கதிரடிக்கும் யந்திரம் அதற்குப் பின்னாலும் இருக்குமாறு நிறுத்த வேண்டும். அப்போது இயற்கைக் காற்று விசிறிக்குத் துணையாகும். சண்டும் வெப்பக் காற்றும் பின்னோக்கிப் போய்விடும். தை, மாசியில் வாடை வீசும் களங்களில் முகம் வடகிழக்கே நோக்க வேண்டும். ஆடிக் காற்றில் தென்மேற்கே. கரையோர டெல்டாவில் பங்குனி, சித்திரையில் உளுந்து, பயறு அடிக்கும்போது, பிற்பகலில் கடற்காற்று திரும்புவதை உத்தேசித்து அதற்கேற்ப நிறுத்துவது நலம். சுவர், வைக்கோற்போர், தார்ப்பாய்த் தடுப்பு ஆகியவற்றுக்கு அருகில் நிறுத்தலாகாது. மர நிழல் நல்லதே. ஆனால் நிழலைத் தேடிக் காற்றை இழந்துவிடக் கூடாது.

ஜலத்தின் வழி

காற்றின் வழி செம்மையான பின்னும் கொதிப்பு நிற்கவில்லையாயின் ஜலத்தைக் கவனிக்க வேண்டும்.

பழைய காலத்து யந்திரங்களில் ஜலப் பம்பே கிடையாது. ஃபோர்டு கம்பெனியார் 1917-இல் வெளியிட்ட ஃபோர்ட்ஸன் டிராக்டரில், சூடான ஜலம் மேலே எழுவதும் ஆறிய ஜலம் கீழே இறங்குவதுமான இயற்கை ஓட்டத்தாலேயே எஞ்சின் ஆறி வந்தது. அவ்வகையில், ஜல மட்டம் மேற்குழாய் வாய்க்குக் கீழே இறங்கினால் ஓட்டம் அடியோடு நின்றுவிடும். பம்பு உள்ள இக்காலத்து எஞ்சினிலும் மட்டம் குறைந்தால் பம்பு காற்றை விழுங்கி ஓட்டம் அறுபடும். ஆகவே தினந்தோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைப் பார்ப்பது முதற்கடமை. மட்டம் அடிக்கடி குறைந்தால் ஊற்றிக் கொண்டேயிராமல், எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடியன்று. உள்ளே சுருள்வில்லும் ரப்பர் வளையமும் உண்டு. அது உள்ளிருக்கும் ஆவியை அடக்கி ஜலத்தின் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியானால், சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய ஜலம் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதியாமல் நிற்கும். ரப்பர் வெடித்தோ வில் தளர்ந்தோ போனால் இந்த 11 டிகிரி லாபம் போய்விடும். நீலகிரி போன்ற மலைகளில் இது இன்னும் முக்கியம். உதகமண்டலத்தின் உயரத்தில் திறந்த பாத்திரத்து ஜலம் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி மாற்றும்போது கைப்புத்தகத்தில் கண்ட அழுத்தமுள்ளதையே போட வேண்டும். அதிக அழுத்தமுள்ளதைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஒட்டுகள் விட்டுப்போகும்.

உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று ஜலத்தை ஊற்றி வந்தால், பாத்திரத்தின் அடியில் படிவது போலவே எஞ்சினின் உட்புறத்திலும் காரை படியும். வார்ப்பிரும்பைப் பார்க்கிலும் காரை உஷ்ணத்தைக் கடத்துவது பல மடங்கு குறைவு. மெல்லிய படிவும் சிலிண்டருக்குக் கம்பளி போர்த்தியது போலாகும். குடம் குடமாகக் கிணற்று ஜலம் ஊற்றுவதன் தீமை இதுவே: இன்றைய கொதிப்பைத் தணிக்க ஊற்றும் ஜலம் அடுத்த ஆண்டின் கொதிப்புக்கு வித்திடுகிறது. சுத்தமாகப் பிடித்து வைத்த மழை ஜலமோ, வடித்த ஜலமோ, அதனுடன் துருப்பிடியாமைக்கான கூலண்ட் கலந்து ஊற்றுவதே முறை. நம் சமவெளியில் ஜலம் உறையும் பயமில்லை. கூலண்ட்டின் பயன் துருவைத் தடுப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதுமாம். அதன் அளவு கம்பெனியார் சொன்னபடி இருக்கட்டும். கூடுதலாக ஊற்றினால் உஷ்ணம் சுமக்கும் திறன் ஜலத்தைவிடக் குறையும். எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம் என்பதை மறக்கலாகாது. வடித்த பழைய கூலண்ட்டைக் களத்தோரம் ஊற்றினால் ஆடு மாடுகளும் நாய்களும் நக்கி மாண்டுபோகும். அதைக் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

படிந்த காரையைக் கரைக்கும் திராவகங்களைத் தாமே கையாளாமல் தெரிந்த ரேடியேட்டர் வேலைக்காரரிடம் விடுவது நலம். சலவைச் சோடாக் கரைசலால் கழுவும் பழைய வழக்கம் செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கே ஏற்றது; அலுமினிய ரேடியேட்டரை அது அரித்துவிடும்.

தெர்மாஸ்டாட்டைப் பற்றிய தப்பெண்ணம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் நாடு உஷ்ண நாடாகையால் அது வேண்டாமென்று கழற்றி எறிவது வழக்கமாகிவிட்டது. ஜலம் ஏறக்குறைய 80 டிகிரியை எட்டும் வரை ரேடியேட்டர் வழியை மூடிவைத்து, எஞ்சினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவது அதன் தொழில். அதைக் கழற்றினால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசல் அதிகம் செலவாகும், சிலிண்டர் தேயும். அன்றியும், சில மாதிரிகளில் சூடான ஜலத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கழற்றியதாலேயே கொதிப்பு கூடுவதும் உண்டு. சந்தேகமிருந்தால் தெர்மாஸ்டாட்டை ஒரு பாத்திரத்து ஜலத்தில் தொங்கவிட்டுக் காய்ச்ச வேண்டும். ஜலம் கொதிக்கும் முன் அது நன்றாகத் திறந்து, ஆறும்போது மூடினால் நல்லது. இல்லையெனில் புதிது வாங்க வேண்டும். அதன் விலை, பாழான சிலிண்டர் ஹெட்டின் விலைக்கு முன் ஒன்றுமேயில்லை.

வேலை வாங்கும் முறை

விசிறி இழுக்கும் காற்று அதன் சுழற்சி வேகத்துக்குத் தக்கபடி அமையும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,100 சுற்றில் ஓடும்போது கிடைக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கே 700 சுற்றில் கிடைக்கும். இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன.

ஒன்று, பாரம் இருக்கையில் எஞ்சினை மெதுவாக ஓட்டலாகாது. டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன் வேகத்தைத் தணித்து, கதிரடிக்கும் யந்திரத்தில் கதிரை மட்டும் நிறையத் திணித்தால், எஞ்சின் திணறும், கரும்புகை கக்கும், விசிறியோ மெதுவாகச் சுழலும். பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுழல்வதற்குரிய எஞ்சின் வேகம் உஷ்ணமானிக்கு அருகிலுள்ள சுற்றுமானியில் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வேகத்திலேயே ஓட்டி, கதிர் போடும் அளவை அதற்கேற்பச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, முள் ஏறத் தொடங்கினால் உடனே எஞ்சினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் விசிறியும் பம்பும் நின்று, இரும்பிலுள்ள உஷ்ணம் அசையாத ஜலத்தில் இறங்கி, அதுவரை கொதியாதிருந்ததும் கொதிக்கும். முதலில் கதிர் போடுவதை நிறுத்தி, யந்திரத்தைக் காலி செய்து, பி.டி.ஓ.வை விடுவிக்க வேண்டும். பிறகு எஞ்சினை 1,000 சுற்றுக்குச் சற்று மேலாக மூன்று முதல் ஐந்து நிமிஷம் பாரமின்றி ஓடவிட வேண்டும். பாரமில்லாத எஞ்சினில் உண்டாகும் உஷ்ணம் சொற்பம். விசிறியோ போதிய காற்றை இழுக்கும். ஆகவே முள் இறங்கும். நாள் வேலை முடிவிலும் இவ்வண்ணமே ஆறவிட்டு நிறுத்துவது எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

ஆவி பீறிட்டாலோ, குழாய் வெடித்து ஜலம் வடிந்துவிட்டாலோ மேற்கண்ட விதி பொருந்தாது. அப்போது ஒரு கணமும் தாமதியாமல் எஞ்சினை நிறுத்த வேண்டும்.

கொதித்த பின் செய்யத்தகாதவை

கொதித்த ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. 110 டிகிரியில் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 10 லிட்டர் ஜலத்தை மூடி திறந்து விடுவித்தால், அந்தக் கணமே ஏறக்குறைய 180 கிராம் ஜலம் ஆவியாகும். அது 300 லிட்டர் இடத்தை அடைக்கக்கூடிய ஆவி. குறுகிய வாயின் வழியே அது கொதிநீரையும் தூக்கிக்கொண்டு திறப்பவரின் முகத்திலும் மார்பிலும் பாயும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேற்குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பின், தடித்த ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, முதற்பூட்டு வரை மட்டும் திருப்பி ஆவியைப் போகவிட்டு, அதன்பிறகே முழுதும் திறக்க வேண்டும். களத்தில் காத்திருப்போர் அவசரப்படுத்தினாலும் ஓட்டுபவர் இணங்கலாகாது. ஒரு களத்து வேலை அரை மணி பிந்தலாம். வெந்த கண் திரும்பி வராது.

காய்ந்து சுட்ட எஞ்சினில் குளிர்ந்த ஜலத்தை ஊற்றுவதும் கூடாது. சூட்டில் விரிந்த வார்ப்பிரும்பு ஓரிடத்தில் சட்டென்று சுருங்கி வெடித்துவிடும். ஆறிய பின்னரே, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரைத் துடைப்பதும், வேஷ்டி முந்தானைகளைத் தளர விட்டுக்கொண்டு சுழல்தண்டின் அருகே நடப்பதும் உயிருக்கு ஆபத்து. புகைக்குழாயைச் சுற்றிச் சண்டு சேரவிட்டால் தீப்பிடிக்கும். ஒரு பீப்பாய் ஜலமும் இரண்டு வாளியும் களத்தில் எப்போதும் தயாராயிருக்கட்டும்.

பொது யந்திரங்களும் கிராம அதிகாரிகளும்

கூட்டுறவுச் சங்கங்கள் மூலமும் வேளாண்மைப் பொறியியல் துறை மூலமும் வாடகைக்கு வரும் டிராக்டர்கள் பலர் கை மாறுபவை. இவற்றில், பார்க்க வேண்டியதைப் பிறர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவதால் கேடு விளைகிறது. கிராம அலுவலரும் சங்கக் காரியதரிசியும் யந்திரத்தோடு ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கச் செய்தால், ஜல மட்டம் பார்த்த தேதி, ரேடியேட்டர் துடைத்த தேதி, பெல்ட் மாற்றிய தேதி, எத்தனை லிட்டர் ஜலம் சேர்க்க நேர்ந்தது என்பவற்றை ஓட்டுபவர் எழுதி வரலாம். வாரத்துக்கு ஒரு லிட்டர் சேர்த்த யந்திரத்துக்கு நாளுக்கு ஒரு லிட்டர் வேண்டியதாகிவிட்டது என்பதை அந்த ஏடு காட்டினால், கதிரடிப்பு மும்முரமாவதற்கு முன்பே பழுதைத் தீர்க்கலாம். ஒரு டிராக்டரை நம்பிப் பத்துக் குடும்பங்களின் குவியல் காத்திருக்கும் ஊரில் இது சிறு காரியமன்று.

நினைவில் வைக்க வேண்டுவன

1. தினமும் காலையில், குளிர்ந்த நிலையில், ஜல மட்டம், ஆயில் மட்டம், பெல்ட் இறுக்கம் பார்க்க.

2. டிராக்டரின் முகம் காற்றை நோக்க, சண்டு பின்னே போக நிறுத்துக.

3. மணிக்கு ஒரு முறை எஞ்சினை நிறுத்தி முன்வலையைத் துடைக்க. வாரம் ஒரு முறை ரேடியேட்டரைப் பின்புறமிருந்து ஊதிச் சுத்தம் செய்க.

4. விசிறிக் கூண்டு இல்லாமல் வேலை வாங்கற்க.

5. பி.டி.ஓ.வுக்குரிய வேகத்தில் ஓட்டுக, திணறவிடற்க.

6. முள் ஏறினால் பாரத்தை விடுவித்து ஓடவிடுக. ஆவி பீறிட்டாலும் ஜலம் வடிந்தாலும் உடனே நிறுத்துக.

7. சூட்டில் மூடியைத் திறவற்க. சுட்ட எஞ்சினில் குளிர்ந்த ஜலம் ஊற்றற்க.

8. இவ்வளவும் செய்த பின்னும் கொதித்தால் மெக்கானிக்கைக் கொண்டு ஜலத்தின் வழியையும் ஹெட் காஸ்கட்டையும் சோதிக்க.

மேற்கண்டவற்றில் முதல் ஏழுக்கும் வேண்டுவது துணியும் தண்ணீரும் சிறிது கவனமுமே. களம் கூடுவதற்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு பிற்பகலை ரேடியேட்டருக்கு ஒதுக்கும் விவசாயி, குவியலின் மேல் மேகம் திரளும் நாளில் குடத்தைத் தேடி ஓட வேண்டியிராது.